முத்துமாலை டிஷ் மாட்டப் போன வீடு

தச்சநல்லூர் முத்துமாலை ஏறாத மொட்டைமாடி திருநெல்வேலியில் ரொம்பக் குறைச்சல். இருபத்திரண்டு வருசமாக டிஷ் மாட்டுகிற மனுசன். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற சாட்டிலைட்டை, இங்கே நின்றுகொண்டு ஒரு போல்ட்டைத் திருகிப் பிடித்துவிடுவார். அதில் கெட்டிக்காரர்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்கிற மனுசனிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி தன் இலையைத் தாண்டிப் போனால்கூட, "ஏலே, இங்கன ஊத்து" என்று சொல்ல வராது. வெறுஞ்சோற்றைத் தின்றுவிட்டு இலையை மடக்கிவிட்டு எழுந்து வருவார். கூட்டாளிகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சாம்பாரோடு போயிருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம்.

அவருக்கு ஒரே மகள், சுகன்யா. காலேஜ் முடித்த கையோடு மாரிசெல்வம் என்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமான பையன். வீடுகளுக்கு சோலார் பலகை மாட்டுகிற வேலை, பீடி சிகரெட் கிடையாது, யாரிடமும் வம்பு கிடையாது. ஆனால் வேற ஆளு. அந்த ஒரு சொல் போதாதா இந்தச் சீமையில்? போலீஸ் ஸ்டேசனில் வைத்துப் பேசினார்கள். பேசினார்கள் என்றால், முத்துமாலையின் அண்ணன் மகாராஜா பேசினார், ஏட்டு பேசினார், இன்ஸ்பெக்டர் பேசினார். பெற்ற தகப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, பெரியப்பா சொல்லுதது கெடக்கட்டும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கப்பா. நல்லாருனு சொல்லுங்க, இல்ல நாசமாப் போன்னாவது சொல்லுங்க" என்று அந்தப் பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது. மனுசன் அந்த சிமிட்டித் தரையில் என்ன புதையலைக் கண்டாரோ, தலையை நிமிர்த்தவில்லை. பிறகு கையை விட்டுவிட்டு மாரிசெல்வத்தோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் காலம் ஆற்றியிருக்கும். மகாராஜா விடவில்லை. "அவ செத்துட்டாலே. செத்தவளுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சு முடி. இல்லனா எம் பிள்ளையளுக்கு எவன் வீட்டுலலே சம்பந்தம் பேசுவான்?" என்று ஒற்றைக்காலில் நின்றார். பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் வைத்து முத்துமாலைக்கு மொட்டை போட்டார்கள். மீசையை எடுத்தார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார்கள். யாருக்கு? பத்து மைல் தள்ளி வாடகை வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்த மகளுக்கு! கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்தாயிற்று. தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று அவள் வீட்டைவிட்டுப் போன தேதி. படம் வேண்டுமே என்று அச்சாபீஸில் கேட்டபோது தன் செல்போனைத் துழாவி எடுத்துக் கொடுத்தது யார்? முத்துமாலைதான். அவருடைய மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அவள் வாய்கொள்ளாமல் சிரிக்கிற படம். அதை தச்சநல்லூரில் ஆரம்பித்து சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டினார்கள். அவள் கண்ணில் படட்டும் என்றுதான் அவ்வளவு தூரம் கொண்டுபோய் ஒட்டினார்கள். பட்டிருக்கும்.

அன்றைக்கு ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், பசிக்கிறது என்று பெண்டாட்டி முத்துராணியிடம் தட்டைக் கேட்டார். அவள் தட்டை வைத்தாள், சோற்றைப் போட்டாள். "உசுரோட இருக்குத புள்ளைக்கு எள்ளு எறச்சிட்டு வந்துருக்கிய. ஒங்களுக்குத் தொண்டைக்குழிக்குள்ள சோறு எறங்குதா? எறங்குனாத் தின்னுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு விழும் சத்தம் கேட்கும், குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்கும், முத்துராணி வாய் திறந்து ஒரு சத்தம் கேட்காது. மூன்று வருசம் ஆகிறது.

இந்த மூன்று வருசத்தில் முத்துமாலை தனக்குள் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வைத்திருந்தார். "தப்பு பண்ணிட்டேன்ட்டி." அவ்வளவுதான் வாக்கியம். அதை மகள் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். மன்னிக்கிறாளோ, காறித் துப்புகிறாளோ, அது அவள் பாடு. சொல்லாமல் செத்துப்போய்விடக் கூடாது. வண்டியில் தனியாகப் போகும்போது சொல்லிப் பார்ப்பார். நன்றாகவே வரும். எதிரே ஆள் இல்லாவிட்டால் யாருக்குத்தான் வராது?

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜங்ஷன் பக்கம் தேவமணி கடைக்கு வழக்கம்போலப் போனார். டிஷ் கம்பெனியில் இருந்து வருகிற வேலைகளை ஆட்களுக்குப் பங்குவைத்துக் கொடுக்கிறவர் தேவமணி. வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்களுக்கு மூணு வேல. பேட்டையில ரெண்டு, டவுன்ல ஒண்ணு. பத்தமடையில ஒரு வேல இருக்கு, அத நான் வேற ஆளுக்கு மாத்திவிடுதேன்."

"ஏன், அந்தப் பக்கமெல்லாம் நாந்தானே போவேன்?"

தேவமணி செல்போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அப்புறம் மனசு கேட்காமல் சொன்னார். "சுகன்யானு பேரு போட்டுருக்கு அண்ணாச்சி. மாரிசெல்வம் சம்சாரம்னு இருக்கு. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் புதுசா வீடு கட்டிக் குடி போயிருக்காவ. அங்கன இன்னும் கேபிள் இழுக்கல போல. அதான் டிஷ் கேட்டுருக்காவ." தேவமணியும் அந்தப் பதினாறாம் நாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். அந்த நினைப்பில் அவருக்கே முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் போயிக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. மகாராஜா அண்ணாச்சி காதுக்குப் போச்சுன்னா பெரிய ரகளையாயிரும்."

"டிஷ் மாட்டத்தானே போறேன் தேவமணி. சொந்தம் கொண்டாடவா போறேன்? வேலய எம் பேருக்கே போடும்."

தேவமணி அசந்துபோனார். முத்துமாலை ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதே இல்லை. வேலையை அவர் பேருக்கே மாற்றிப் போட்டுவிட்டார்.

பேட்டை தாண்டி, சுத்தமல்லி தாண்டி வண்டி போயிற்று. பின்னால் டிஷ் கட்டியிருந்தது, முன்னால் செட்டாப் பெட்டியும் ஒயர்ச்சுருளும். வாய் அந்த ஒரே வாக்கியத்தை மென்றுகொண்டே வந்தது. பத்தமடைக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டோரமாகக் கோரையைக் கட்டுக்கட்டாகக் காயப் போட்டிருந்தார்கள், அதன் மேலேயே ஒரு தடவை வண்டியை ஏற்றப் பார்த்தார். காயப்போட்ட ஆள் கத்தியது அவர் காதில் விழவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். துளை போடும்போது சிமிட்டித் தூசி அடிக்கும், அதற்காக மாடிக்குப் போன பிறகு கட்டுகிற துண்டு அது. அன்றைக்கு வாசலிலேயே கட்டவேண்டியதாகிவிட்டது. தைரியத்தைப் பாருங்கள்.

வாசலுக்கு வந்தது மாரிசெல்வத்தின் தாய் சுடலைவடிவு. ஸ்டேசனில் நடந்த பேச்சுக்கு அவள் வரவில்லை, அதனால் இவரைத் தெரியாது. "வாங்க அண்ணாச்சி, டிஷ் மாட்ட வந்தவியளா? காலம்பற இருந்து வாசலயே பாத்துக்கிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. "எனக்கு இந்தச் செல்லுல நாடகம் பாக்கக் கண்ணு தெரிய மாட்டேங்கு. எம் மருமவதான், அத்தை, ஒங்களுக்குப் பெருசாப் பாக்க டிஷ் போட்டுருவோம்னு அவளே போன் போட்டு ஏற்பாடு பண்ணுனா. பெத்த மவ கூட இப்படிப் பாக்க மாட்டா. அவளுக்கு வாச்ச தகப்பன் மட்டும் சரியில்ல. உசுரோட இருக்குத புள்ளைக்கு போஸ்டர் அடிச்சு ஒட்டுனான் அண்ணாச்சி, கட்டையில போவான். அவன் கையி வெளங்குமா, சொல்லுங்க?"

முத்துமாலை துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "டி.வி. எங்க இருக்கும்மா?" என்றார்.

உள்ளே ஒரு அறை, அதற்கு அந்தப் பக்கம் அடுப்படி. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தமும் வளையல் சத்தமும் கேட்டது. அறையின் நடுவில், விட்டத்துக் கொக்கியில் இருந்து ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது.

"பேரன். இப்பத்தான் கண்ண மூடுனான், பைய வேலயப் பாருங்க" என்று சுடலைவடிவு குரலைத் தாழ்த்தினாள்.

பேரன்! முத்துமாலைக்கு அது தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? செத்தவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று எந்த மகராசன் அவர் வீட்டில் வந்து சொல்லுவான்? பெட்டியை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து ஒயரைச் சொருகினார். தொட்டில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. சேலையை ஒரு விரலால் விலக்கினால் பிள்ளை முகம் தெரிந்துவிடும், சுடலைவடிவும் வாசலுக்குப் போய்விட்டாள், கேட்க ஆள் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒயர்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்.

மாடியில் கொடி நிறையச் சின்னச் சின்னச் சட்டையும், சதுரம் சதுரமாகக் கிழித்த பழஞ்சேலைத் துணியும் காய்ந்துகொண்டிருந்தன. டிஷ் வைக்கத் தோதான இடம் அந்தக் கொடிக்கு நேர் கீழே. ஒவ்வொரு துணியாக எடுத்து மடித்து, கைப்பிடிச்சுவரில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு செங்கல் வைத்தார். டிஷ் மாட்டப் போன இடத்தில் துணி மடித்து வைத்தது அவர் சர்வீசில் அன்றைக்குத்தான். அப்புறம் துளை போட்டு, போல்ட் இறக்கி, டிஷ்ஷை உட்கார வைத்தார்.

நம் பக்கத்து டிஷ் கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். அதை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் திருகித்தான் சிக்னலைப் பிடிக்க வேண்டும். அதற்கு இப்போது மீட்டர் வந்துவிட்டது. ஒயரில் மாட்டினால் கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிச வேலை. மீட்டர் வராத காலத்தில் மாடியில் ஒரு ஆள் நின்று திருகுவார், கீழே டி.வி. முன்னால் ஒரு ஆள் நிற்பார். மேலே இருந்து "வருதா?" என்று கத்த வேண்டும். கீழே இருந்து "வரல" என்று கத்துவார்கள். வந்துவிட்டால் தெருவே கேட்க "வந்துட்டு!" என்பார்கள். முத்துமாலையின் பையில் மீட்டர் இருந்தது. எடுக்கவில்லை. சுத்தமல்லி தாண்டும்போதே முடிவு பண்ணிவிட்டார்.

கைப்பிடிச்சுவரில் இருந்து எட்டிப் பார்த்து, குரலைக் கொஞ்சம் கரகரப்பாக மாற்றிக்கொண்டு, "எம்மா, டி.வி. முன்னாடி ஒரு ஆளு நிக்கணும். நான் கேக்கக் கேக்கப் பதில் சொல்லணும்" என்றார்.

"ரேசன் கடையில அரிசி போடுதாவளாம், போயிட்டு ஓடியாந்துருதேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டே சுடலைவடிவு உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தாள். "ஏட்டி சுகன்யா, அடுப்படி வேல கெடக்கட்டும். மாடியில அண்ணாச்சி கேக்கதுக்குப் பதில் சொல்லு."

அவள் தெருவில் இறங்கிப் போகிற வரைக்கும் முத்துமாலை பொறுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வருதா?"

"வரல அண்ணாச்சி!"

அட பாவி மனுசா, அப்படியே கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்துவிட்டார். அதே குரல். கொஞ்சம் கனத்திருந்தது, பிள்ளை பெற்ற உடம்பில்லையா. கடைசி எழுத்தை இழுத்து முடிக்கிற பழக்கம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். கூப்பிடட்டும், மளிகைக் கடைக்காரனையும் அண்ணாச்சி என்பார்கள், ஒயர் இழுக்க வந்தவனையும் அண்ணாச்சி என்பார்கள். மூன்று வருசமாக அந்தக் குரலை நினைத்து நினைத்துத் தேய்த்தவருக்கு, அது அவருக்குப் பதில் சொல்லியதே பெரிதாக இருந்தது.

"இப்ப?"

"வரல!"

"திரையில என்ன எழுதியிருக்கு, வாசிங்கம்மா."

"சிக்னல் கிடைக்கவில்லை, கேபிளைச் சரிபார்க்கவும்னு போட்டுருக்கு அண்ணாச்சி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. கீழ ஒரு போன் நம்பர் கெடக்கு, வாசிக்கவா?"

"வாசிங்க, பைய வாசிங்க."

அந்த நம்பர் எந்தக் கம்பெனி வேலைக்குத் தேவை? அவள் ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள், இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திருகுகிற மாதிரி ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு டிஷ்ஷைத் தொடாமல் கேட்டார். தொட்டும் கேட்டார். ஒரு தடவை கை தவறிச் சரியான இடத்துக்கே திரும்பிவிட்டது.

"வந்துட்டு! வந்துட்டு அண்ணாச்சி! ஆளுக தெரியுது, பாட்டுச் சத்தம் கேக்கு!" என்று கீழே அவள் குதிக்காத குறை. எட்டு வயசில் பொருட்காட்சியில் ராட்டினத்தில் உட்கார்ந்து கத்திய அதே கத்தல். உலகத்தில் வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அங்கேயே போல்ட்டை முடுக்கிவிட்டுக் கீழே இறங்கியிருப்பான். இவர் என்ன பண்ணினார் தெரியுமா? அவசர அவசரமாக டிஷ்ஷைப் பிடித்து வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

"அய்யய்ய, போயிட்டே அண்ணாச்சி!"

"காத்து அடிக்குல்லா, அசையுது. திரும்ப வைக்கேன், இருங்க."

இப்படியே அரை மணி நேரம் ஓடிற்று. திருட்டுத்தனம்தான். வெயில் மண்டையைப் பிளந்தது, வேர்வை துண்டையெல்லாம் நனைத்தது, மனுசனுக்கு அதெல்லாம் தெரியவில்லை. பதில் வரவர ஆசை கூடிக்கொண்டே போயிற்று. நடுவில் கீழே பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது. கேட்டதும் தன்னை மறந்து, கரகரப்பெல்லாம் போய், சொந்தக் குரலில் கேட்டுவிட்டார்.

"பிள்ள முழிச்சிட்டானாட்டி?"

டிஷ் மாட்ட வந்தவன் வீட்டுப் பெண்ணை 'ட்டி' போட்டுக் கேட்பானா? கேட்ட வாயைக் கையால் பொத்தினார். கீழே சத்தமே இல்லை. பிள்ளையின் சிணுங்கலும் நின்றுவிட்டது, தூக்கி வைத்துக்கொண்டாள் போல. முத்துமாலை என்ன செய்வதென்று தெரியாமல் டிஷ்ஷைப் பிடித்து ஒரே திருப்பாக மேற்கே பார்க்கத் திருப்பினார். மேற்கே பொதிகை மலை நிற்கிறது. மலையைப் பார்த்து வைத்த டிஷ்ஷில் காக்கா படம்கூட வராது.

"வருதா?" பழையபடி கரகரத்த குரலில் கேட்டார்.

பதில் இல்லை.

"எம்மா, படம் வருதா?"

இந்தத் தடவை பதில் வந்தது. கத்தவில்லை. மாடிப்படிக்குக் கீழே வந்து நின்று சொன்ன மாதிரி கிட்டத்தில் கேட்டது.

"வந்துட்டு அண்ணாச்சி. நல்லா வருது. போதும், நீங்க எறங்கிப் போலாம்."

முத்துமாலை டிஷ்ஷைப் பார்த்தார். அது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் எத்தனையோ வீட்டில் படம் வந்த பிறகும் வரவில்லை என்று சொல்லி அலைக்கழித்திருக்கிறார்கள். வராத படத்தை வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பப் பார்த்தவள் இவள் ஒருத்திதான். தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டுதான் போ என்கிறாள்.

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? பைக்குள் கையைவிட்டு மீட்டரை எடுத்தார். ஒயரில் மாட்டினார். சரியாகப் பத்தாவது நிமிசம் மீட்டர் கத்தியது, கீழே டி.வி.யில் ஏதோ விளம்பரப் பாட்டு ஓடுவது கேட்டது. போல்ட்டை முடுக்கினார். மடித்து வைத்த துணிகளை எடுத்து, கொடியை மாற்றிக் கட்டி, ஒவ்வொன்றாகத் திரும்பக் காயப்போட்டார். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். கீழே இறங்குவது, அவள் முன்னால் போய் நிற்பது, சொல்லிவிடுவது. அடித்தாலும் சரி. படியிறங்கும்போது வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

அறையில் யாரும் இல்லை. டி.வி. தன்பாட்டுக்கு ஓடியது. தொட்டில் காலியாகக் கிடந்தது. அடுப்படிக் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. கதவு விளிம்பில் நாலு விரல் தெரிந்தது. அவள்தான். கதவுக்குப் பின்னால் பிள்ளையோடு நிற்கிறாள். முழுக்கச் சாத்தித் தாழ்ப்பாள் போட எவ்வளவு நேரம் ஆகும்? போடவில்லை. இவர் சொல்வதற்காக நின்றாள் என்றுதான் தோன்றுகிறது. போ என்று சொன்ன வாய்தான், ஆனாலும் நின்றாள். பெற்றவன் ஆயிற்றே, ஒரு வார்த்தை சொல்லாமலா போவான் என்று அந்தக் கழுதை மனசு இன்னும் எங்கேயோ நம்பியிருக்கிறது.

முத்துமாலை வாயைத் திறந்தார். காற்று வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடியும் திறந்தார். அந்த விரல்களில் ஒன்றில் பழைய தழும்பு, அரிவாள்மணையில் பட்டது, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுமய்யா! உம்மை யார் தடுத்தார்கள்? இங்கே மகாராஜா இருக்கிறாரா, ஏட்டு இருக்கிறாரா? டி.வி.யில் ஒரு விளம்பரம் முடிந்து இன்னொரு விளம்பரம் வந்தது. அதுவும் முடிந்தது. அதற்குள் வாசலில் அரிசிப் பையைத் தொப்பென்று வைக்கிற சத்தம் கேட்டுவிட்டது.

"ஆத்தாடி, படம் பளிச்சுனு வருதே!" சுடலைவடிவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உக்காருங்க அண்ணாச்சி, இந்த வெயிலுல நின்னுருக்கிய. ஒரு வாய் காப்பி குடிக்காம போகக் கூடாது." தூக்குச்சட்டியில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த கருப்பட்டிக் காப்பியை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். எதிரே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தால் நாலு வார்த்தை கேட்கத்தானே செய்வார்கள்.

"எந்த ஊரு அண்ணாச்சிக்கு?"

"தின்னவேலிதான்."

"எத்தன புள்ளைய?"

கதவு விளிம்பில் அந்த நாலு விரலும் அப்படியே இருந்தது. இதைவிட ஒரு வழியை ஆண்டவன் நேரில் வந்தாலும் திறந்துவிட முடியாது. ஒரு மக, பேரு சுகன்யா, அந்தா நிக்கா. அவ்வளவு சொன்னால் போதும். ஒரு மக என்றால்கூடப் போதும், மிச்சம் தன்னால் வந்திருக்கும். ஆனால் சொன்னால் இந்தப் பொம்பளை என்ன செய்வாள், கட்டையில் போவான் என்றாளே, கத்தி ஊரைக் கூட்டுவாளோ, மாரிசெல்வம் வந்துவிடுவானோ, தேவமணிக்குத் தெரியுமோ, அண்ணன் காதுக்குப் போகுமோ என்று அந்தப் பயந்த மனசு அதற்குள் எட்டு ஊருக்குப் போய்விட்டு வந்தது. மூன்று வருசமாக வீட்டுக்கு வீடு காப்பியோடு இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மூன்று வருசமாக அவரும் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார். அதுதான் வந்தது.

"புள்ளைய இல்லம்மா."

விரல்கள் கதவில் இருந்து எடுபட்டன. சாத்துகிற சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

"அடப் பாவமே" என்று சுடலைவடிவு உச்சுக்கொட்டினாள். "கவலப்படாதிய அண்ணாச்சி. புள்ளைய இருந்துட்டாப்புல எல்லாமா பெத்தவங்கள நல்லாப் பாக்கு?"

காப்பியை ஒரு வாய் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வேலை முடிந்தது என்று கம்பெனிக்குக் கணக்குக் காட்ட இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. டிஷ் கேட்டவரின் செல்லுக்கு நாலு எண் வரும், அதைக் கேட்டு இவர் செல்லில் அடிக்க வேண்டும். செல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சுடலைவடிவுக்கு விவரம் தெரிந்திருந்தது. "நம்பர் கேக்கியளா?" என்று தானே புரிந்துகொண்டு, "ஏட்டி சுகன்யா, ஒஞ் செல்லுக்கு நம்பர் வந்துருக்காம் பாரு, அண்ணாச்சிக்குச் சொல்லு, அவிய போணும்" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது.

"ஏழு."

முத்துமாலை அடித்தார்.

"பூச்சியம்."

அடித்தார்.

"நாலு. அடுத்ததும் நாலு."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாம் போல இருந்தது, காதில் விழவில்லை என்று பொய் சொல்லலாம். ஆனால் அவள் ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி, தெளிவாக, இரண்டாம் தடவை கேட்க இடம் வைக்காமல் சொல்லி முடித்திருந்தாள்.